டர்போ பாஸ்கல் 3.02: இன்றைய கணினியில் ஏற்றி, ஒரு பால் கணக்கு எழுதிப் பார்ப்பது எப்படி

புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் யாராக இருந்தாலும், பாஸ்கல் என்ற நிரல்மொழிக்கான பழைய கருவியான டர்போ பாஸ்கல் 3-இல் ஒரு வாரமாவது உட்காரச் சொல்வேன். பழைய பொருள் மீதுள்ள பாசத்தால் அல்ல. நிரலைத் தட்டும் எடிட்டர், அதை இயந்திர நிரலாக்கும் கம்பைலர், நம் புரோகிராமை ஓட்டத் தேவையான துணை நிரல்கள் என எல்லாமே 39,731 பைட் கொண்ட ஒரே ஃபைலில் அடங்கியிருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு ஆள் முழுதாக மனதில் வைத்துக்கொள்ள முடிகிற அளவு அது. இன்று நம் கையில் இருக்கும் கருவிகளில் அப்படி எதையும் காட்ட முடியாது.

மதுரைப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நான் பாஸ்கல் சொல்லிக்கொடுத்த காலத்தில் 360 கிலோபைட் ஃபிளாப்பி ஒன்றில் கம்பைலர், அதன் பிழைச் செய்தி ஃபைல், மாணவர் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். இப்போது என் தம்பி மகளுக்கு அதையே லேப்டாப்பில் ஏற்றிக் காட்டியிருக்கிறேன். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்கல் மொழியை 1970-இல் வெளியிட்டவர் சூரிச்சில் இருந்த நிக்லாஸ் விர்த். ஒழுங்கான கட்டமைப்போடு நிரல் எழுதக் கற்றுத்தருவதே அதன் நோக்கம். கோபன்ஹேகனில் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற இளைஞர், நாஸ்காம் என்ற சிறு கணினிக்காக அந்த மொழிக்கு 12 கிலோபைட்டில் ஒரு கம்பைலர் எழுதினார். அதன் பெயர் புளூ லேபிள் பாஸ்கல். அது வளர்ந்து காம்பஸ் பாஸ்கல் ஆனது, பிறகு பாலி பாஸ்கல் ஆனது. கலிஃபோர்னியாவில் பிலிப் கான் நடத்திய போர்லாண்ட் நிறுவனம் அந்தக் கம்பைலரின் மையப்பகுதியை உரிமம் பெற்று, எடிட்டரோடு சேர்த்து, 1983 நவம்பரில் டர்போ பாஸ்கல் என்று விற்றது. விலை 49.95 டாலர். மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற நேரம் அது.

விலையை விடப் பெரிய விஷயம் வேலை செய்த விதம். அந்தக் காலத்து மைக்ரோசாஃப்ட் பாஸ்கலில் எடிட்டர் தனி. அதில் எழுதிச் சேமித்துவிட்டு வெளியே வரவேண்டும். கம்பைலரின் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அப்புறம் துண்டுகளை இணைக்கும் லிங்கர் என்று ஒவ்வொன்றாக வட்டிலிருந்து ஏற்றி ஓட்டவேண்டும். ஒரு செமிகோலன் விடுபட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டர்போ பாஸ்கலில் எல்லாமே நினைவகத்திலேயே நடக்கும். நாம் எழுதிய மூலநிரலும் அங்கே, கம்பைலரும் அங்கே, பிறக்கும் இயந்திர நிரலும் அங்கே. வட்டைத் தொடவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

போர்லாண்ட் நிறுவனம் பிற்காலத்தில் 1.0, 3.02, 5.5 ஆகிய மூன்று பதிப்புகளையும் பழம்பொருள் மென்பொருள் என்று பெயரிட்டு இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டது. நமக்கு வேண்டியது 3.02. 7.0 அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அதைத் தேடி அலையவேண்டாம். ஜிப்பாகக் கிடைக்கும் 3.02-ஐ விரித்தால் நிறைய ஃபைல்கள் வரும். நாம் பார்க்கவேண்டியவை இரண்டுதான்: டர்போ டாட் காம், டர்போ டாட் எம்எஸ்ஜி. முதலாவது கம்பைலர். இரண்டாவதில் பிழைச் செய்திகள் சொற்களாக இருக்கின்றன. கூடவே கால்க் டாட் பாஸ் என்று ஒன்று இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். அது ஒரு சிறு கணக்குத்தாள் புரோகிராம், மூலநிரலோடு போர்லாண்டே கொடுத்தது. மொழி கொஞ்சம் பழகியபின் வாசித்துப் பார்க்க அதை விட நல்ல பாடம் கிடைக்காது.

64 பிட் விண்டோஸில் இந்த 16 பிட் புரோகிராம் நேரடியாக ஓடாது. பழைய டாஸ் கணினியைப் போல நடித்துக்காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கிடைக்கிறது. உபுண்டுவில் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. நிறுவியபின் உங்கள் கணினியில் எங்காவது ஒரு ஃபோல்டர் திறந்து, டர்போ ஃபைல்களை அதற்குள் போடுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி வேண்டாம், எட்டு எழுத்துக்கு மேலும் வேண்டாம். டாஸ் காலத்துப் பெயர் விதி அது: பெயருக்கு 8, புள்ளிக்குப் பின் வரும் ஒட்டுக்கு 3.

டாஸ்பாக்ஸைத் திறந்தால் இசட் என்ற டிரைவில் நிற்கும். மவுண்ட் என்ற கட்டளை, ஒரு இடைவெளி, சி என்ற எழுத்து, இன்னொரு இடைவெளி, அப்புறம் உங்கள் ஃபோல்டரின் முழு முகவரி. என்டர் தட்டுங்கள். பிறகு சி எழுத்தும் முக்காற்புள்ளியும் தட்டி என்டர். இப்போது உங்கள் ஃபோல்டர்தான் சி டிரைவ். டர்போ என்று தட்டினால் திரையில் உரிமைக் குறிப்பும், பிழைச் செய்திகளைச் சேர்க்கவா என்ற கேள்வியும் வரும். ஒய் தட்டுங்கள். அந்தச் செய்தி ஃபைல் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோபைட். நினைவகம் அருமையாக இருந்த நாட்களில் அதையும் மிச்சம் பிடிக்க விரும்பியவர்களுக்காக அந்தக் கேள்வி. நமக்கு அந்தக் கவலை இல்லை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விழிப்பதைவிடச் செய்தியைப் படிப்பதே நல்லது.

அடுத்து வரும் திரையைப் பார்த்து என் தம்பி மகள் "இவ்வளவுதானா அத்தை?" என்று கேட்டாள். இவ்வளவுதான். மேலே எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று இரண்டு வரி. பிறகு ஒர்க் ஃபைல், மெயின் ஃபைல். அதற்குக் கீழே எடிட், கம்பைல், ரன், சேவ், டிர், குவிட், ஆப்ஷன்ஸ் என்ற கட்டளைகள். கடைசியில் மூலநிரல் எத்தனை பைட், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று இரண்டு எண்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒற்றை எழுத்துதான், என்டர் தேவையில்லை. எடிட்டுக்கு ஈ, ரன்னுக்கு ஆர், சேவுக்கு எஸ்.

ஈ தட்டுங்கள். ஒர்க் ஃபைல் பெயர் கேட்கும். பால் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பாஸ் என்ற ஒட்டை அதுவே சேர்த்துக்கொள்ளும். வெறும் திரையும் மேலே வரி எண், நெடுவரிசை எண் காட்டும் ஒரு பட்டையும் வரும். இதுதான் எடிட்டர்.

இந்த எடிட்டரில் மெனுவும் கிடையாது, மவுஸும் கிடையாது. வேர்ட்ஸ்டார் என்ற அந்தக் காலத்து எழுத்துச் செயலியின் விசைகளே இங்கும். கண்ட்ரோலோடு ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. விசைப்பலகையில் இந்த நான்கையும் பாருங்கள், ஒரு வைர வடிவம் தெரியும். அம்புக்குறி விசைகளும் வேலை செய்யும், ஆனால் கையை நகர்த்தாமல் எழுதுவதன் சுகம் வைரத்தில்தான் இருக்கிறது. கண்ட்ரோல் ஒய் ஒரு வரியை அழிக்கும். கண்ட்ரோல் கே, பி தொகுதியின் தொடக்கம். கண்ட்ரோல் கே, கே தொகுதியின் முடிவு. கண்ட்ரோல் கே, சி நகலெடுக்கும், கண்ட்ரோல் கே, வி இடம்மாற்றும். கண்ட்ரோல் கியூ, எஃப் தேடும். எல்லாவற்றிலும் முக்கியம் கண்ட்ரோல் கே, டி. எடிட்டரிலிருந்து முதல் திரைக்குத் திரும்ப அதுதான் வழி. இது தெரியாமல் எஸ்கேப்பை அடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடவேண்டும். எடிட்டரை விட்டு வெளியே வந்ததால் ஃபைல் சேமிக்கப்பட்டது என்று பொருள் இல்லை. ஆர் தட்டி ஓட்டினாலும் சேமிக்காது, நினைவகத்தில் இருப்பதைத்தான் கம்பைல் செய்து ஓட்டும். உங்கள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) முடிவில்லாமல் சுற்றி, டாஸ்பாக்ஸையே மூடவேண்டி வந்தால் எழுதியது அத்தனையும் போய்விடும். அதனால் கண்ட்ரோல் கே, டி, அப்புறம் எஸ், அப்புறம் ஆர். இந்த வரிசை விரலுக்குப் பழகும்வரை வேறு எதையும் கற்கவேண்டாம்.

இப்போது புரோகிராம். பன்னிரண்டு மாதப் பால் பில்லைக் கூட்டுவோம். ஒவ்வொரு மாதமும் 3400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் புரோகிராம் என்ற சொல், பெயர், செமிகோலன். அடுத்து கான்ஸ்ட் பகுதியில் பில் என்ற பெயரில் 1 முதல் 12 வரையிலான இன்டிஜர் அரே ஒன்று (முழு எண்களின் வரிசை), சமக்குறி போட்டு அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு முறை 3400. வகையோடு கூடிய இந்த மாறிலி, விர்த்தின் மூலப் பாஸ்கலில் இல்லை. போர்லாண்ட் சேர்த்தது. சோதனைக்குத் தரவைக் கையால் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் போகிறது. வார் பகுதியில் ஐ, மொத்தம் என்று இரண்டு இன்டிஜர்கள்.

பிறகு கூட்டு என்று ஒரு புரொசீஜர், அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய துணைப்பகுதி. உள்ளே மொத்தத்துக்குச் சுழியம். 1 முதல் 12 வரை ஒரு ஃபார் லூப், ஒவ்வொரு சுற்றிலும் பில்லின் ஐ-ஆவது உறுப்பை மொத்தத்தோடு சேர்ப்பது. மதிப்பிடும் குறி முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்பதை மறக்காதீர்கள். வெறும் சமக்குறி ஒப்பிடுவதற்கு மட்டும். கடைசியில் முதன்மைப் பகுதி: பிகின், கூட்டு, ரைட்லைன் மொத்தம், எண்ட், முற்றுப்புள்ளி. புரொசீஜரை முதன்மைப் பகுதிக்கு மேலே எழுதியே ஆகவேண்டும். இந்தக் கம்பைலர் உங்கள் நிரலை மேலிருந்து கீழே ஒரே ஒரு முறைதான் படிக்கும். கீழே வரப்போகிற பெயரை முன்கூட்டி அழைக்க வேண்டுமானால், ஃபார்வர்ட் என்ற சொல்லால் முன்னறிவிப்பு தரவேண்டும். இது மொழியின் பிடிவாதம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒற்றைப் படிப்பில்தான் வேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சேமித்து ஓட்டுவதற்கு முன், வேண்டுமென்றே மொத்தத்துக்குச் சுழியம் போடும் வரியின் செமிகோலனை எடுத்துவிட்டு ஆர் தட்டுங்கள். பிழை 1, செமிகோலன் எதிர்பார்க்கப்பட்டது, எஸ்கேப் அழுத்தவும் என்று ஒரு வரி வரும். எஸ்கேப் அழுத்தியதும் நீங்கள் எடிட்டருக்குள் இருப்பீர்கள், கர்சர் பிழை இருக்கும் இடத்தில். சரியாகச் சொன்னால், அடுத்த வரியிலுள்ள ஃபார் என்ற சொல்லின் பக்கத்தில். அந்தச் சொல்லைப் படித்தபிறகுதான் இங்கே செமிகோலன் வந்திருக்க வேண்டுமே என்று கம்பைலருக்குத் தெரிகிறது. ஆகவே பிழை 1 வந்தால் கர்சர் நிற்கும் வரியை விட்டு அதற்கு முந்தைய வரியின் கடைசியைப் பாருங்கள். இந்த ஒன்று தெரிந்தால் முதல் வாரத்துத் தடுமாற்றத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி, எல்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் செமிகோலன் போடுவது. அங்கே போடக்கூடாது. செமிகோலன் போட்டால் இஃப் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும், எல்ஸ் அநாதையாகிவிடும்.

ஒரே நேரத்தில் ஒரு பிழையைத்தான் இந்தக் கம்பைலர் சொல்லும். பிழைகளை நீளப் பட்டியலாகக் கொட்டாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய நிறையாகப் படுகிறது. முதல் பிழையால் கிளைத்த பத்துப் பொய்ப் பிழைகளைப் படித்துக் குழம்பும் மாணவரைவிட, ஒன்றைத் திருத்தி, ஒரு நொடியில் மறுபடி ஓட்டி, அடுத்ததைத் திருத்தும் மாணவர் சீக்கிரம் தேறுகிறார். திரும்பக் கம்பைல் செய்ய நேரமே ஆகாது என்னும்போது பட்டியல் எதற்கு?

செமிகோலனை மீண்டும் போட்டு ஓட்டுங்கள். திரையில் வரும் விடை: -24736.

பால் பில் எப்படி மைனஸுக்குப் போனது? 12 முறை 3400, 40800 அல்லவா வரவேண்டும்? இங்கே இன்டிஜருக்கு இரண்டு பைட்தான், -32768 முதல் 32767 வரை. 32767-ஐத் தாண்டியதும் எண் மறுமுனைக்குச் சுற்றிக்கொள்கிறது. 40800-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள். கம்பைலர் இதைப் பற்றி எந்தப் புகாரும் சொல்லாது. பெரிய எண்ணுக்கான லாங்இன்ட் வகை 4.0-இல்தான் வந்தது. 3-இல் நமக்குத் தசம எண்ணுக்கான ரியல் இருக்கிறது: ஆறு பைட், சுமார் 11 இலக்கத் துல்லியம். ரூபாய்க் கணக்குக்குத் தாராளம்.

மொத்தத்தை ரியலாக மாற்றி ஓட்டினால் 4.0800000000, அதோடு ஈ எழுத்து, பிளஸ் 04 என்று அறிவியல் வடிவில் வரும். ரைட்லைனில் மொத்தத்துக்குப் பின் முக்காற்புள்ளி 10, முக்காற்புள்ளி 2 சேர்த்தால் 40800.00 என்று பத்து இட அகலத்தில் இரண்டு தசமத்தோடு அழகாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு இன்டிஜர்களைப் பெருக்கி விடையை ரியலில் போட்டாலும், பெருக்கல் நடப்பது இரண்டு பைட்டில்தான். விடை ரியலுக்கு வந்து சேரும் முன்பே சுற்றியிருக்கும். பெருக்கப்படும் எண்களில் ஒன்றாவது ரியலாக இருக்கவேண்டும்.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பில் முதன்முதலாக 3500-ஐத் தாண்டிய மாதம் எது என்று தேடுவோம். தம்பி மகள் பைத்தானில் பழகியவள். ஃபார் லூப் ஒன்றைப் போட்டு, கிடைத்ததும் லூப்பை நிறுத்த பிரேக் என்று எழுதினாள். அறியாத பெயர் அல்லது இலக்கணப் பிழை என்றது கம்பைலர். "லூப்பை நடுவில் உடைக்க வழியே இல்லையா அத்தை?" என்றாள். டர்போ பாஸ்கலுக்குப் பிரேக் வந்தது 7.0-இல், 1992-இல். 3-இல் லூப்பை விட்டு வெளியேறும் நிபந்தனையை லூப்பின் வாசலிலேயே எழுதியாகவேண்டும். அதாவது வொய்ல் அல்லது ரிப்பீட். கோட்டூ இருக்கிறது, ஆனால் அதற்கு லேபிளை மேலே அறிவிக்கவேண்டும். அந்தச் சிரமம் நல்லதற்குத்தான்.

அவள் உடனே வொய்ல் எழுதினாள்: ஐ 12-க்குள் இருக்கும்வரை, மேலும் பில்லின் ஐ-ஆவது உறுப்பு 3500-ஐத் தாண்டாதவரை, ஐ-யை ஒன்று கூட்டு. இரண்டு ஒப்பீடுகளையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் போடவேண்டும், ஏனென்றால் பாஸ்கலில் ‘மேலும்’ என்பதற்கான ஆண்ட் என்ற சொல் ஒப்பீட்டைவிட இறுக்கமாகப் பிணையும். அதையும் சரியாகப் போட்டாள். பார்க்கக் குற்றமில்லாத நிரல். ஓட்டினால் ஓடவும் செய்தது.

இப்போது புரோகிராமின் முதல் வரியில், சுருள் அடைப்புக்குறிக்குள் டாலர் குறி, ஆர், பிளஸ் மூன்றையும் இடைவெளியில்லாமல் எழுதுங்கள். அரேயின் எல்லையைச் சோதிக்கச் சொல்லும் கட்டளை அது. தானாக இயங்காது, நாம்தான் இயக்கவேண்டும். இயக்கிவிட்டு ஓட்டினால் புரோகிராம் நின்றுவிடும்: ஓட்டநேரப் பிழை 90, பிசி என்று நிரல் நின்ற இடத்தின் பதினாறடிமான முகவரி, புரோகிராம் நிறுத்தப்பட்டது. பிழை 90 என்றால் அரேயின் எண் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று பொருள்.

எப்படி? எந்த மாதமும் 3500-ஐத் தாண்டாததால் ஐ 13 வரை போகிறது. முதல் நிபந்தனை பொய்யாகிவிட்டதே, இரண்டாவதைப் பார்க்கத் தேவையில்லையே என்று நாம் நினைக்கிறோம். பைத்தான் அப்படித்தான் செய்யும். டர்போ பாஸ்கல் 3 அப்படிச் செய்யாது. ஆண்ட் என்ற சொல்லின் இரு பக்கங்களையும் முழுதாகக் கணித்துவிட்டுத்தான் முடிவு சொல்லும். ஆகவே இல்லாத 13-ஆவது பில்லைப் படிக்கப் போய்விடுகிறது. எல்லைச் சோதனை இல்லாதபோது அரேக்கு அடுத்து நினைவகத்தில் கிடக்கும் இரண்டு பைட்டைச் சத்தமில்லாமல் படித்துவிட்டு மேலே போயிருக்கிறது. முதல் நிபந்தனையே பொய் என்பதால் விடை கெடவில்லை. நாளை இதே பழக்கத்தில் எல்லைக்கு வெளியே எழுதினால் கெடும். பாதியிலேயே கணிப்பை நிறுத்தும் வசதி 4.0-இல் வந்தது.

திருத்தம் இப்படி: கிடைத்தது என்று ஒரு பூலியன் மாறி (உண்மை அல்லது பொய் மட்டும் வைப்பது). முதலில் ஐ-க்குச் சுழியம். ரிப்பீட்டுக்குள் ஐ-யை ஒன்று கூட்டி, பில்லின் அந்த உறுப்பு 3500-ஐத் தாண்டியதா என்ற ஒப்பீட்டின் விடையை அப்படியே கிடைத்தது என்பதில் போடுங்கள். அன்டில் வரியில், கிடைத்தது அல்லது ஐ 12 ஆகிவிட்டது. அவ்வளவுதான். ஐ ஒருபோதும் 13-ஐத் தொடாது. லூப் முடிந்தபின் ஏன் முடிந்தது என்பதும் கிடைத்தது என்ற மாறியில் தெளிவாக இருக்கும். பிரேக் போட்டு எழுதியதைவிட இது நேர்மையான நிரல் என்பது என் கருத்து. லூப்பின் கடைசி வரியைப் படித்தாலே அது எப்போது நிற்கும் என்பது தெரிந்துவிடுகிறது.

பிழை 90 வந்தபோது திரையில் நடந்த இன்னொன்றைக் கவனித்தீர்களா? நிறுத்தப்பட்டது என்ற வரிக்கு அடுத்து, தேடுகிறது என்று ஒரு சொல், பிறகு பிழை இருக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது, எஸ்கேப் அழுத்தவும் என்று வந்தது. அழுத்தினால் கர்சர் வொய்ல் வாக்கியத்தில் நின்றது. ஓடிக்கொண்டிருந்த இயந்திர நிரலில் எங்கோ ஒரு முகவரியில் நடந்த பிழைக்கு, மூலநிரலில் சரியான இடம் எப்படித் தெரிந்தது? இன்றைய கம்பைலர்கள் இதற்கென்று பெரிய அட்டவணைகளை எழுதி வைக்கின்றன. 39,731 பைட்டுக்குள் அதற்கு ஏது இடம்?

அவர்கள் செய்தது இது. பிழை நடந்த முகவரியை எடுத்துக்கொண்டு, உங்கள் புரோகிராமை மறுபடியும் முதலிலிருந்து கம்பைல் செய்கிறார்கள். நிரலை எங்கும் சேமிப்பதில்லை, எத்தனை பைட் பிறந்திருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அந்த எண்ணிக்கை பிழை முகவரியைத் தொட்டதும் நிறுத்துகிறார்கள். அந்தக் கணத்தில் கம்பைலர் மூலநிரலில் எந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததோ, அதுதான் பிழை நடந்த இடம். ஒரே மூலநிரல் எப்போதும் ஒரே நிரலைத்தான் பிறப்பிக்கும், ஒரே சுற்றில் மேலிருந்து கீழாகப் பிறப்பிக்கும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் என்பதால் இது முடிகிறது. முன்னால் ஃபார்வர்ட் பற்றிச் சொன்னேனே, அந்த ஒற்றைப் படிப்பு இங்கே திரும்ப உதவுகிறது. வேகம் என்ற ஒரு குணத்திலிருந்து இன்னொரு வசதியைச் செலவே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் குறையவில்லை.

உங்கள் பால் கணக்கைத் தனிப் புரோகிராமாக்க, முதல் திரையில் ஓ தட்டுங்கள். மெமரி, காம் ஃபைல், செயின் ஃபைல் என்று மூன்று தேர்வுகள் வரும். சி தட்டி காம் ஃபைலைத் தேர்ந்து, கியூ தட்டித் திரும்பி, மறுபடி சி தட்டிக் கம்பைல் செய்யுங்கள். ஃபோல்டரில் பால் டாட் காம் பிறந்திருக்கும். இத்தனை சிறிய கணக்குக்கு அது பத்து கிலோபைட்டைத் தாண்டி இருக்கிறதே என்று யோசிப்பீர்கள். டர்போ டாட் காம் ஃபைலின் முன்பகுதியில் இருக்கும் துணை நிரல் தொகுப்பு, அதாவது எண்ணை எழுத்தாக்குவது, ரியல் கணக்கு, திரையில் எழுதுவது போன்றவை, உங்கள் புரோகிராமுக்கு முன்னால் அப்படியே ஒட்டப்படுகின்றன. அதன் வாலில் வருவது மட்டுமே நீங்கள் எழுதியது.

இப்படிப் பிறந்த காம் ஃபைலை டாஸில் தனியாக ஓட்டும்போது பிழை வந்தால் பிசி முகவரி மட்டும் திரையில் வரும். அதைக் குறித்துக்கொண்டு, டர்போவுக்குள் வந்து, ஓ, பிறகு எஃப் தட்டி அந்த முகவரியைக் கொடுங்கள். மேலே சொன்ன அதே தேடல் நடந்து, கர்சர் இடத்துக்குப் போகும். வேறு ஊரில் ஓடிய புரோகிராமின் பிழையைத் தொலைபேசியில் நான்கு எழுத்து கேட்டே கண்டுபிடிக்கலாம் என்பது அந்த நாளில் சின்ன விஷயமில்லை.

எல்லைச் சோதனைக் கட்டளையைப் பற்றி ஒன்று. புரோகிராம் முடிந்ததும் வேகத்துக்காக அதை எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். இன்றைய கணினியில் அந்த வேக வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பெரிய புரோகிராம்களுக்கு எடிட்டர் தாங்குவது சுமார் 60 கிலோபைட் மூலநிரல். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாக எழுதி, டாலர் குறியும் ஐ எழுத்தும் கொண்ட கட்டளையால் ஒன்றுக்குள் ஒன்றைச் சேர்க்கலாம். முதல் திரையில் மெயின் ஃபைல் என்று தனியாக ஒன்று இருப்பது அதற்காகத்தான். நிரலுக்கு 64 கிலோபைட், தரவுக்கு 64 கிலோபைட் என்ற எல்லையும் உண்டு. கற்றுக்கொள்பவர் அந்த எல்லையைத் தொடமாட்டார்.

ஒரு சோதனையை மட்டும் செய்து பாருங்கள். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்ற கட்டளையோடு 300 என்று கொடுத்தால், 1980-களின் முதல் ஐபிஎம் பிசியின் வேகத்துக்கு ஏறக்குறைய இறங்கிவிடும். கண்ட்ரோல் எஃப்11 வேகத்தைக் குறைக்கும், கண்ட்ரோல் எஃப்12 கூட்டும். அந்த வேகத்தில் கால்க் டாட் பாஸைக் கம்பைல் செய்யுங்கள். வரி எண் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆயிரத்துக்கு மேல் வரியுள்ள புரோகிராம் அந்த எந்திரத்தில் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பாருங்கள். அன்று இதைப் பார்த்தவர்கள் ஏன் திகைத்தார்கள் என்பது அப்போது புரியும்.

அப்புறம் எந்தப் பதிப்புக்குப் போவது? நேராக 5.5-க்கு. 1987-இன் 4.0-இல் யூனிட் என்ற தனித்தனித் தொகுதிகளும் இஎக்ஸ்இ ஃபைலும், 1988-இன் 5.0-இல் வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரும், 1989-இன் 5.5-இல் ஆப்ஜெக்டும் வந்தன. 5.5-இல் இவை எல்லாமே சேர்ந்து, இலவசமாகவும் கிடைக்கின்றன. உங்கள் 3-ஆம் பதிப்புப் புரோகிராமில் திரையைத் துடைப்பது, கர்சரை நகர்த்துவது போன்றவை இருந்தால் யூசஸ் சிஆர்டி என்ற வரியை மேலே சேர்க்கவேண்டும். ரீடுக்குள் கேபிடி கொடுத்து விசையைப் படித்த இடங்களை ரீட்கீ என்று மாற்றவேண்டும். மற்றவை பெரும்பாலும் அப்படியே ஓடும்.

டாஸ்பாக்ஸில் 5.5-ஐ ஓட்டுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். 5.5-இல் புரோகிராமை ஓட்டும் விசை கண்ட்ரோல் எஃப்9. டாஸ்பாக்ஸிலோ அதே கண்ட்ரோல் எஃப்9 டாஸ்பாக்ஸையே மூடிவிடும் விசை. சேமிக்காத நிரல் அதோடு போச்சு. ஆகவே 5.5-ஐத் திறக்கும் முன் கண்ட்ரோல் எஃப்1 அழுத்தி டாஸ்பாக்ஸின் விசை மாற்றித் திரையைத் திறந்து, மூடும் வேலையை வேறு விசைக்கு மாற்றி, சேமித்துவிடுங்கள். மாற்ற மனமில்லை என்றால் ஆல்ட் ஆர் அழுத்தி ரன் மெனுவைத் திறந்து என்டர் தட்டி ஓட்டுங்கள். சேமிக்க எஃப்2.